ஹஸ்ரத் பிலால் (ரலி): விலங்கு கழன்ற பின்

ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் நம்மிடையே உண்டா? மதரஸாவில் அலிஃப், பே படிக்கும் பிள்ளைகூடக் கொதிக்கும் மணலையும், மார்பின்மீது ஏற்றப்பட்ட பாறாங்கல்லையும் சொல்லிவிடும். அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்த இடத்தோடு நம்மில் பலர் அக்கதையை நிறுத்திவிடுகிறோம். அதன்பின் நாம் அவர்களைக் காண்பது கஃபாவின் முகட்டில், பாங்கு சொல்லும் கோலத்தில்தான்.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றி நாம் கேட்பதே இல்லை. சித்திரவதைக்கு ஆளான ஒருவரின் உடற்புண் சில மாதங்களில் ஆறிவிடலாம்; உள்ளத்துப் புண் அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. தனிமையில் அது மீண்டும் மீண்டும் கசியும் என்பதை இன்றைய மனநல மருத்துவர்கள் விரிவாகச் சொல்கிறார்கள். அத்தகையவருக்கு முதலில் வேண்டுவது அச்சமற்ற ஓர் இடமும், அவரைத் தம்மவர் என்று ஏற்கும் மனிதர்களும் என்கிறார்கள். இந்தக் கண்கொண்டு பிலால் (ரலி) அவர்களின் வாழ்வை ஒருமுறை பாருங்கள்.

அவர்களின் தந்தையார் பெயர் ரபாஹ், தாயார் ஹமாமா. அபிசீனிய வழியினர். மக்காவில் பனூ ஜுமஹ் கிளையாரின் அடிமையாக அவர்களின் வாழ்வு தொடங்கிற்று. அந்நாளைய மக்காவில் காவல் நிலையமோ நீதிமன்றமோ கிடையாது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஒரு மனிதனுக்குக் காவல் அவனுடைய குலமே. ஒருவன்மீது கை வைத்தால் அவனுடைய குலமே வாளோடு திரண்டுவரும் என்ற அச்சம்தான் அங்கே சட்டம். குலமில்லாதவனுக்கு அந்தச் சட்டமும் இல்லை.

இஸ்லாத்தை முதன்முதலில் வெளிப்படையாக அறிவித்தவர்கள் எழுவர் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அரணாகப் பெரிய தந்தை அபூதாலிப் நின்றார். அபூபக்கர் (ரலி) அவர்களை அவர்களுடைய குலத்தார் காத்தனர். எஞ்சியோரைப் பிடித்து இரும்புக் கவசம் அணிவித்து வெயிலில் காயவிட்டார்கள் இணைவைப்போர். வேதனை தாளாமல் மற்றவர்கள் எதிரிகள் கேட்டதை நாவளவில் சொல்லிவிட்டனர். பிலால் (ரலி) அவர்கள் மட்டும் சொல்லவில்லை. இறைவனுக்காகத் தம் உயிரை அவர்கள் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. ஊராரும் அவர்களை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. இறுதியில் தெருச் சிறுவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டு, மக்காவின் மலை இடுக்குகளில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். இறைவன் ஒருவனே என்னும் பொருளுடைய ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

உமையா இப்னு கலஃப் கொடுத்த வேதனையை நாம் பெரிதாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிறுவர்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். வளர்ந்த ஒரு மனிதர் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக்கப்படுகிறார். பார்த்துக்கொண்டிருந்த ஊரில் தடுப்பதற்கு ஓர் ஆள் இல்லை. கல்லின் கனத்தைவிட இந்தக் கனம் குறைந்ததா?

அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்காவில் விலைகொடுத்து விடுதலை செய்த அடிமைகள் எழுவர். பிலால் (ரலி) அவர்கள் அவர்களுள் ஒருவர். பெண்களும் நலிந்தோருமாக அவ்வெழுவரில் பலர் இருந்ததைக் கண்ட தந்தை அபூ குஹாஃபா, வலிமையுள்ள ஆடவரை விடுவித்தால் நாளை உனக்குத் துணையாக நிற்பார்களே என்று மகனிடம் கேட்டார். தாம் நாடுவது இறைவனின் பொருத்தம் ஒன்றையே என்று மகனார் மறுமொழி தந்தார்கள். இந்த மறுமொழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின் பிலால் (ரலி) அவர்கள் இதனை அவர்களுக்கே எடுத்துக்காட்டப் போகிறார்கள்.

விலங்கு கழன்றது. ஆனால் உமையா அதே தெருவில் நடமாடிக்கொண்டிருந்தான். 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் நடக்கும்வரை, தம்மை வதைத்தவர்கள் வாழ்ந்த ஊரிலேயே பிலால் (ரலி) அவர்களும் இருந்தார்கள். மதீனா வந்த பிறகே அச்சமின்றி உறங்க ஓர் இடம் கிடைத்தது.

வந்த சில நாட்களிலேயே கடுங்காய்ச்சல் அவர்களைப் படுக்கையில் வீழ்த்திற்று. அபூபக்கர் (ரலி) அவர்களும் உடன் நோயுற்றிருந்தார்கள். இருவரையும் நலம் விசாரிக்க அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வந்தார்கள். காய்ச்சல் சற்றுத் தணியும் போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் குரலெடுத்துக் கவியடிகளைப் பாடுவார்கள். எதைப் பற்றித் தெரியுமா? மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே மணக்கும் புல்லையும், மஜன்னாவின் நீர்நிலையையும், தொலைவில் தெரியும் குன்றுகளையும் எண்ணி ஏங்கும் அடிகள் அவை. தம்மைச் சுட்டெரித்த அதே மண்ணுக்காக அவர்கள் ஏங்கினார்கள்! கூடவே, தங்களை ஊரைவிட்டுத் துரத்திய உத்பா, ஷைபா, உமையா ஆகியோர்மீது சாபமும் இட்டார்கள். ஏக்கமும் வெம்மையும் ஒரே மூச்சில் வெளிவந்தன. துன்பத்தில் பிறந்த ஊர் என்றாலும் ஊர் ஊர்தான். அதை இழந்த நோய், காய்ச்சலோடு சேர்ந்து வெளிப்பட்டது.

அன்னையார் இதனை அண்ணலாரிடம் தெரிவித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசித்தது போலவே, அல்லது அதைவிட அதிகமாகவே மதீனாவையும் எங்கள் உள்ளங்களுக்கு உவப்பாக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். காய்ச்சல் நீங்க வேண்டும் என்பதும் அந்தப் பிரார்த்தனையில் இருந்தது. ஊர் நெஞ்சில் ஒட்ட வேண்டும் என்பது அதற்கு முன்னே இருந்தது.

பிரார்த்தனையோடு ஓர் ஏற்பாடும் நடந்தது. முஹாஜிர்கள் ஒவ்வொருவரையும் இன்னொருவரோடு சகோதரராக அண்ணலார் இணைத்துவைத்தார்கள். வெறும் பெயரளவுச் சகோதரத்துவம் அன்று அது. தொடக்கத்தில் ஒருவர் இறந்தால் மற்றவர் வாரிசாகும் அளவுக்கு அது உறுதி பெற்றிருந்தது. பின்னர் வாரிசுரிமை இரத்த உறவினருக்கே என்று இறைவசனம் அருளப்பட்டது. பிலால் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் அபூ ருவைஹா (ரலி) என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். கஸ்அம் என்னும் அரபுக் குலத்தவர் அவர். பெரும் புகழ் பெற்றவர் அல்லர். நம் மேடைகளில் அவர் பெயர் ஒலிப்பதும் அரிது. நாளைய தினம் தாம் இறந்தால் அழுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதியை, வாழ்நாளெல்லாம் பிறர் உடைமையாய் இருந்த ஒருவருக்குத் தந்தவர் அவர்தாம்.

சகோதரர் கிடைத்தார், அடுத்துப் பணி கிடைத்தது. தொழுகைக்கு மக்களை அழைக்கும் முறை அப்துல்லாஹ் இப்னு ஜைத் (ரலி) அவர்களுக்குக் கனவில் காட்டப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். கனவு கண்டவரே பாங்கு சொல்வது இயல்பு. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்தச் சொற்களைப் பிலாலுக்குக் கற்றுக்கொடுக்கும்படி பணித்தார்கள். பிலாலின் குரல் தொலைவு எட்டும் என்பதைக் காரணமாகவும் சொன்னார்கள். மக்காவின் வெயிலில் எந்தக் குரலை அடக்க முயன்றார்களோ, அந்தக் குரலுக்கு ஓர் ஊர் முழுவதும் காத்திருக்கத் தொடங்கிற்று. நம் தமிழகப் பள்ளிவாசல்களில் பாங்கு சொல்லும் மோதினாரைப் பல ஊர்களில் பிலால் என்றே அழைக்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

பள்ளிவாசலுக்கு அருகில் பனூ நஜ்ஜார் குலப் பெண்மணி ஒருவரின் வீடு இருந்தது. சுற்றிலும் இருந்த வீடுகளில் அதுவே உயரமானது. ஸஹர் நேரத்திலேயே பிலால் (ரலி) அவர்கள் அதன் முகட்டில் ஏறி அமர்ந்து, கிழக்கு வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைகறை தோன்றியதும் உடலை நீட்டி நிமிர்த்தி எழுவார்கள். இறைவனைப் புகழ்வார்கள், குறைஷியர் அவனது மார்க்கத்தை நிலைநிறுத்த அவனது உதவியை வேண்டுவார்கள், பிறகே பாங்கு சொல்வார்கள். ஓர் இரவேனும் அவர்கள் இந்தப் பிரார்த்தனையை விட்டதை நான் அறியேன் என்று அந்தப் பெண்மணி பிற்காலத்தில் சாட்சி கூறினார்.

நான் படித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி வைத்த செய்தி இதுதான். குறைஷியர் என்றால் யார்? காய்ச்சலில் கிடந்தபோது எந்தக் குலத்தின் தலைவர்களைச் சபித்தார்களோ, அந்தக் குலம். கஃபாவின் முகட்டு நிகழ்ச்சி உலகம் பார்க்க நடந்தது. இது எவரும் பாராத இருளில், தம் வீட்டு முகட்டைத் தினமும் தந்துதவிய ஒரு பெண்மணியின் செவிக்கு மட்டும் எட்டும்படி நடந்தது.

இதனால் புண் முற்றும் ஆறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 624ஆம் ஆண்டு பத்ருப் போர்க்களத்தில் அது மீண்டும் வாய் திறந்தது. போர் முடியும் தறுவாயில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் தம் பழைய உடன்பாட்டை மதித்து உமையாவைச் சிறைப்பிடித்துப் பாதுகாத்து அழைத்து வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களின் கண்ணில் உமையா பட்டுவிட்டான். இவன் பிழைத்தால் நான் பிழைக்கவில்லை என்று கதறி அன்ஸாரிகளை அழைத்தார்கள். அவர்கள் திரண்டு வந்தனர். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கைதியின்மேல் கவிழ்ந்து தடுத்தும் பயனில்லை, உமையா கொல்லப்பட்டான். தடுத்தவர்களின் காலிலும் வாள் பட்டது. அந்தத் தழும்பை அவர்கள் பிற்காலத்தில் காட்டுவதுண்டு. பிலாலுக்கு இறைவன் அருள்புரிவானாக, என் கைதியையும் இழந்தேன், கவசங்களையும் இழந்தேன் என்று சொல்வார்களாம். குறையும் இருக்கிறது, துஆவும் இருக்கிறது. உடன்பிறந்தார் பேசும் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

தோழர்கள் கூட்டம் என்றால் அங்கே உரசலே இல்லை என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழிவாகப் பேசிவிட்டார்கள். அவர் பிலால் (ரலி) அவர்களே என்று விரிவுரையாளர் பலர் கூறுவர். அண்ணலார் அதைச் சிறு பூசலாக விட்டுவிடவில்லை. உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்று அபூதர் (ரலி) அவர்களை நேருக்கு நேர் கண்டித்தார்கள். உங்கள் கையின் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள்; நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள் என்றும் பணித்தார்கள். காயம்பட்டவர் தமக்காகத் தாமே வாதாட வேண்டிய நிலையை அண்ணலார் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு நாள். ரோமானியரிடையே அடிமையாய் வளர்ந்த ஸுஹைப் (ரலி), பாரசீகத்திலிருந்து வந்து அடிமையாய் விற்கப்பட்ட ஸல்மான் (ரலி), அபிசீனிய வழிவந்த பிலால் (ரலி) ஆகியோர் ஒன்றாக அமர்ந்திருந்தார்கள். துன்பம் பட்டவருக்குத் துன்பம் பட்டவரோடு இருக்கையில் ஒரு தெம்பு. விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது குறைஷித் தலைவர் அபூ ஸுஃப்யான் அவ்வழியே சென்றார். அவர் அந்நாளில் இன்னும் இஸ்லாத்தைத் தழுவவில்லை. இறைவனின் வாள்கள் இந்தப் பகைவரிடம் தம் பங்கை இன்னும் பெறவில்லையே என்ற கருத்தில் அவர்கள் பேசிக்கொண்டார்கள். அருகிலிருந்த அபூபக்கர் (ரலி) அவர்கள், குறைஷியரின் தலைவரைப் பற்றியா இப்படிப் பேசுகிறீர்கள் என்று கடிந்துகொண்டு, அண்ணலாரிடம் சென்று செய்தியைச் சொன்னார்கள்.

அண்ணலார் கேட்ட கேள்வி வேறு. நீர் அவர்கள் மனத்தை நோகடித்திருப்பீரோ; அவர்களை நோகடித்திருந்தால் உம்முடைய இறைவனையே நோகடித்தவராவீர் என்றார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் உடனே திரும்பி அம்மூவரிடமும் வந்தார்கள். என் சகோதரர்களே என்று விளித்து, உங்களை நோகடித்துவிட்டேனா என்று கேட்டார்கள். இல்லை, சகோதரரே, இறைவன் தங்களை மன்னிப்பானாக என்று அவர்கள் சொன்னார்கள்.

வாசகர்களே! விலைகொடுத்து வாங்கியவர், வாங்கப்பட்டவர் முன்னே வந்து நின்று மனம் நொந்தீர்களா என்று கேட்கிறார். நன்றிக்கடன் என்னும் விலங்கும் உலகில் உண்டு. இரும்பு விலங்கைவிட அதைக் கழற்றுவது கடினம். ஒருவருக்கு உதவிவிட்டு, வாழ்நாளெல்லாம் அவர் நம்முன் தலைகுனிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போர் நம் வீடுகளில் இல்லையா? அபூபக்கர் (ரலி) அவர்கள் அந்த விலங்கைப் பிலால் (ரலி) அவர்களுக்குப் பூட்டவே இல்லை.

630ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அண்ணலார் கஃபாவினுள் நுழைந்தபோது உடன் சென்றவர்கள் மூவர். திறவுகோலுக்கு உரிய குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) ஒருவர். விடுதலை பெற்ற அடிமை ஜைத் (ரலி) அவர்களின் மகனார் உஸாமா (ரலி) ஒருவர். பிலால் (ரலி) அவர்கள் ஒருவர். கதவு திறக்கப்பட்டதும் முதலில் ஓடிவந்த இப்னு உமர் (ரலி) அவர்கள், அண்ணலார் உள்ளே எந்த இடத்தில் தொழுதார்கள் என்று பிலால் (ரலி) அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பின்னர்க் கஃபாவின் முகட்டில் ஏறிப் பாங்கு சொன்ன காட்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். முணுமுணுத்த குறைஷியரைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். ஏங்கிப் பாடிய பள்ளத்தாக்கை அவர்கள் அன்று அங்கிருந்து பார்த்திருப்பார்கள். ஆயினும் அவர்கள் மக்காவில் தங்கவில்லை, மதீனாவுக்கே திரும்பினார்கள். அந்த துஆ பலித்திருந்தது.

632ஆம் ஆண்டு அண்ணலார் மறைந்தார்கள். ஆறிய புண்களுக்கெல்லாம் மேலாக இது விழுந்தது. அவர்களுக்காகச் சொல்லிவந்த பாங்கை அவர்கள் இல்லாத ஊரில் சொல்ல முடியாமல் பிலால் (ரலி) அவர்கள் மதீனாவை விட்டுச் செல்ல விரும்பினார்கள். கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் தம்மோடு இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் அந்தப் பழைய மறுமொழி திரும்பிவந்தது. தாங்கள் என்னை வாங்கியது தங்களுக்காக என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இறைவனுக்காக என்றால் இறைவனின் பணிக்கு என்னை விட்டுவிடுங்கள் என்று பிலால் (ரலி) அவர்கள் சொன்னார்கள். இவ்வளவு உரிமையோடு பேசத் தெரிந்தவர் இனி எவருக்கும் அடிமை அல்லர். பின்னர் அவர்கள் ஷாம் நாட்டுக்குச் சென்றார்கள்.

அங்கிருந்து கனவு கண்டு மதீனா வந்து, அண்ணலாரின் பேரர்கள் வேண்டப் பாங்கு சொன்னதாக ஒரு வரலாறு நம் பயான்களில் உருக்கமாகச் சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறுவதால் அதை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்கு வந்தபோது பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னதாகவும், அன்று அழுததுபோல் மக்கள் என்றும் அழுததில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அண்ணலாரின் காலத்தை நேரில் கண்டவர்கள் அழுதார்கள். காணாதவர்கள் அவர்கள் அழுவதைக் கண்டு அழுதார்கள். ஒருவர் தனியே சுமக்க முடியாமல் ஊரைவிட்டு எடுத்துச் சென்ற துயரத்தை அன்று ஒரு படையே பங்கிட்டுக்கொண்டது. அபூபக்கர் நம் தலைவர், அவர் விடுதலை செய்ததும் நம் தலைவரையே என்று அதே உமர் (ரலி) அவர்கள் சொல்வார்கள்.

பிலால் (ரலி) அவர்கள் தம் சகோதரருடன் யமன் நாட்டுக் குடும்பம் ஒன்றில் பெண் கேட்கச் சென்ற செய்தியை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். தம்மை அறிமுகம் செய்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. நான் பிலால், இவர் என் சகோதரர். நாங்கள் வழிதவறி இருந்தோம், இறைவன் நேர்வழி காட்டினான். அடிமைகளாக இருந்தோம், இறைவன் விடுதலை தந்தான். பெண் கொடுத்தால் இறைவனுக்கே புகழ், மறுத்தாலும் இறைவன் மிகப் பெரியவன் என்று சொன்னார்கள். பெண் பார்க்கும் இடத்தில் பழைய இழிநிலையை மறைப்பதே உலக வழக்கம். அவர்களோ அதை வாசலிலேயே எடுத்துச் சொன்னார்கள். சொல்லும்போது நா தழுதழுக்காத அளவுக்கு அந்தத் தழும்பு முற்றியிருந்தது. பெண்ணும் கொடுத்தார்கள்.

ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில், அதாவது 641இல், 60 வயதைக் கடந்த நிலையில் பிலால் (ரலி) அவர்கள் திமிஷ்கில் மறைந்தார்கள். மரணப் படுக்கையில் மனைவியார் துயரத்தால் அழுதபோது, இது மகிழ்ச்சியின் நேரம், நாளை அண்ணலாரையும் தோழர்களையும் சந்திக்கப் போகிறேன் என்று தேற்றினார்களாம். அவர்கள் அடங்கியிருப்பது அந்நகரின் பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் என்பது பெரும்பாலோர் கூற்று.

அதற்கு முன் ஷாமில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. உமர் (ரலி) அவர்கள் முஸ்லிம்களுக்கு உதவித்தொகை வழங்கப் பதிவேடுகள் எழுதச் செய்தார்கள். பெயர்கள் குலவாரியாக எழுதப்பட்டன. அரபுக் குலம் எதிலும் பிறவாத பிலாலை எந்த ஏட்டில் எழுதுவது? உம் பெயரை யாரோடு சேர்த்து எழுதட்டும் என்று கலீஃபா அவர்களிடமே கேட்டார்கள். அபூ ருவைஹாவோடு என்றார்கள் பிலால் (ரலி) அவர்கள். அண்ணலார் எங்களுக்கிடையே ஏற்படுத்திய சகோதரத்துவத்துக்காக அவரை விட்டு நான் ஒருபோதும் பிரியமாட்டேன் என்றார்கள். வாரிசுரிமை நீங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, சகோதரத்துவம் நீங்கவில்லை. அவ்வாறே கஸ்அம் குலத்தின் ஏட்டில் அவர்கள் பெயர் எழுதப்பட்டது. அவர்களை முன்னிட்டு, அபிசீனியர் அனைவரின் பதிவும் அந்தக் குலத்தோடு சேர்க்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தம் வரலாற்று நூலை எழுதிய இப்னு இஸ்ஹாக், ஷாம் நாட்டில் இன்றுவரை அது அப்படியே இருக்கிறது என்று குறித்துவைத்தார்.